ரோட்டைப் பார்க்க ஒரு முகம்

ஆழ்வானேரியில் ஆனிக் காற்று தொடங்கிய செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, பாத்திரக்கடைச் சிதம்பரநாதன் கட்டிக்கொண்டிருந்த பங்களாவின் முன்னால், சாரத்தின் இரண்டாவது தட்டில் ஏறித் திருஷ்டிப் பொம்மையைத் திருப்பிவைக்கப் போன சித்தாள் செல்லக்கனி, இறங்கி வரும்போது பொம்மையின் முகத்தோடு இறங்கி வந்தாள். அவளுடைய முகம் மேலே பொம்மையில் தங்கிவிட்டது.

கட்டுகிற வீட்டுக்கு முன்னால் தொங்குகிற பொம்மைக்கு அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. அது ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிறவன் வருகிறவன் விடுகிற பெருமூச்சையெல்லாம் அதுவே தின்று செரித்துக்கொள்ள வேண்டும். தப்பித்தவறி வீட்டுப் பக்கம் திரும்பினால், அத்தனை நாள் தின்றதையும் உள்ளே கக்கிவிடும் என்பார்கள். அன்றைக்கு அடித்த காற்றில் நைலான் கயிறு முறுக்கிக்கொண்டு பொம்மை நேராக வீட்டு நடுக்கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கொத்தனார்கள் பூச்சு வேலையில் இருந்தார்கள், பூசுகிற கையை நிறுத்தினால் சாந்து இறுகிவிடும், ஆகவே காண்ட்ராக்டர் குமரகுரு வழக்கம்போல, “ஏம்மா செல்லக்கனி, அத ஒரு திருப்புத் திருப்பிட்டு வா தாயி” என்றார். வேறு யாரும் செய்யாத வேலையெல்லாம் செல்லக்கனிக்குத்தான் வரும். அவளும் வழக்கம்போல உதட்டோரம் கொஞ்சம் சிரித்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏறினாள்.

மேலே போய் அதன் இரண்டு காதுகளையும் பிடித்தபோது கண்ணும் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. கோழிமுட்டைக் கண், மேலே வளைந்த இரண்டு கோரைப்பல், காதுவரை போகிற மீசை, மோவாய்க்குக் கீழே தொங்குகிற சிவப்பு நாக்கு. பசியும் வெயிலும் சேர்ந்த எரிச்சலில் அவளுக்கு ஒரு குறும்பு வந்தது. நீ மட்டும்தான் நாக்கை நீட்டுவியோ என்று தன் நாக்கையும் ஒரு முழம் நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் காரணம் கேட்கிறவர்கள் ஆழ்வானேரிக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம், அங்கேயும் யாரும் சொல்லப்போவதில்லை.

கீழே சாந்துச் சட்டியோடு நின்ற மாடத்திதான் முதலில் பார்த்தாள். கூடவே பதினைந்து வருஷம் கல் சுமந்தவள்.

“ஏட்டி, மூஞ்சில என்னத்தையோ அப்பிட்டு வந்திருக்க, தொடச்சிக்கோ” என்றாள். செல்லக்கனி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மாடத்தி கிட்டே வந்து ஒரு கோரைப்பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, “முளைச்சில்லா இருக்கு” என்று சொல்லி, சாந்து இறுகிவிடுமே என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் கை கழுவும்போது விஷயம் அலசப்பட்டது. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று மாடத்தி தீர்ப்புச் சொன்னாள். அது செய்ததை இவள் செய்தாள், அதனால் அதன் முகம் இவளுக்கு வந்தது. இவள் முகம் எப்போதும் செய்கிறதை, அதாவது உதட்டோரம் சிரித்துத் தலையைக் கவிழ்க்கிறதை, அந்த முகத்துக்கு எதிரே நின்று இவள் ஒரு தடவை செய்தால் போனது போன வழியே வந்துவிடும். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. “நாளைக்கு ஏறி மாத்திக்கோ, இப்ப இருட்டப் போகு” என்றார்கள்.

மறுநாள் எம்சாண்ட் லாரி வந்தது. அந்த லாரிக்காரன் ஒவ்வொரு நடையிலும் கால்வாசி மணலை வழியிலேயே எங்கோ இறக்கிவிட்டு வருகிறவன் என்பது சித்தாள்களுக்குத் தெரியும், சொன்னால்தான் எடுபடாது. செல்லக்கனி லாரிக்குப் பின்னால் போய் நின்று, மணலைப் பார்த்து, அவனைப் பார்த்து, “கொறையுதுல்லா” என்றாள். இதே சொல்லை அவள் பழைய முகத்தோடு ஐந்தாறு தடவை சொல்லியிருக்கிறாள், அவன் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மீதி மணலையும் கொண்டுவந்து கொட்டி, கூடவே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குச் செல்லக்கனி மேலே ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை.

புருஷன் ஐயம்பெருமாள் வடைக்கடை போடுகிறவன், சாது. முதல் இரண்டு நாள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான். மூன்றாம் நாள் துண்டை எடுத்துவிட்டு, “கொறட்டை பழைய கொறட்டைதான்” என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தான். நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துப் பேசவும், டம்ளரைக் கோரைப்பல்லுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய்க் குடிக்கவும் அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுக்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பழைய அட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “அட்டையில இருக்கதுக்கு நேர்ல நல்லாத்தான்க்கா இருக்கீங்க” என்று அனுப்பிவைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது செல்லக்கனிக்கே ஒன்று தோன்றியது. பொம்மையைச் செய்தவன் கைக்காரன். ஏனோதானோ என்று செய்யவில்லை, அந்த அசிங்கத்தை அணு அணுவாக ரசித்துச் செய்திருக்கிறான், ஒரு மயிர்கூட இடம் மாறி இல்லை.

ஊருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆடி மாதம் பிறப்பதற்குள் பஜார் சலூனில் நாலைந்து பேர் காதுவரை மீசையை இழுத்துவிடச் சொன்னார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள், மேலத்தெருவில் பெண் பார்க்க வந்த ஒரு மாமியார்க்காரி காபியைக் குடித்துவிட்டு, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, ஆனா மூஞ்சில ஒரு அதட்டல் இல்லையே” என்று சொல்லிவிட்டுக் கையை நனைக்காமல் எழுந்து போனாள். அழகு என்கிற சாமானை யாரோ நகர்த்தி வைத்துவிட்ட மாதிரி இருந்தது, எல்லோரும் அதன் புது இடத்தைத் தடவிக்கொண்டு நடந்தார்கள்.

காண்ட்ராக்டர் குமரகுரு கெட்டிக்காரர். செல்லக்கனியின் தலையிலிருந்து சும்மாட்டை அவரே எடுத்துப் போட்டுவிட்டு, “இனி நீ கல்லு சுமக்க வேண்டாம் தாயி, சும்மா இருந்தாப் போதும்” என்றார். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எந்த மனையில் வேலை நடக்கிறதோ அந்த மனைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைப்பார், முகம் ரோட்டைப் பார்க்க, முதுகு வீட்டைப் பார்க்க. அவள் உட்கார்ந்த வீட்டில் கம்பி காணாமல் போகவில்லை, கான்கிரீட் போட்ட அன்று மழை வரவில்லை, சாரத்திலிருந்து யாரும் விழவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்கும் அவள் வந்து உட்கார வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், சேலை எடுத்துக் கொடுத்தார்கள், காலைத் தொட்டுக்கூடக் கும்பிட்டார்கள். சாப்பாட்டு இலை மட்டும் வெளியே நாற்காலிக்கே வந்தது. வாசப்படிக்கு உள்ளே ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் திரும்ப வேண்டுமே, அந்த முகம் வீட்டைப் பார்த்துவிடுமே.

பதினொரு வீட்டு வாசலில் அப்படி இருந்தாள். பதினோராவது வீட்டில் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. பழைய முகத்தோடு கல் சுமந்த நாளிலும் தரைக்கு டைல்ஸ் ஒட்டியபிறகு அவளை யாரும் எந்த வீட்டுக்குள்ளும் விட்டதில்லை. அப்போது பின்வாசலில் நிற்க வைத்தார்கள், இப்போது முன்வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் ஒரு நாற்காலிதான். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. குளத்துக்கரைக்குக் கீழே ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை. ஏழு வருஷமாக, வேலை முடிந்து வந்தபிறகு, அவளும் ஐயம்பெருமாளும் வரி வரியாகக் கட்டிய வீடு. மாடத்தி கல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டுக்குள் வலது காலை வைத்து, தன் கையால் பாலைப் பொங்கவிட்டு, நடுக்கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு இலைச் சோறு தின்ன வேண்டும். ஏழு வருஷமாக அவள் நினைத்த நினைப்பு அது ஒன்றுதான். ஆவணி இருபத்திரண்டு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நாள் குறித்தார்கள்.

நல்ல நாள் என்றால் எல்லோருக்கும் நல்ல நாள்தானே. அதே நாளைத்தான் சிதம்பரநாதனும் குறித்திருந்தார். அங்கே பொம்மையில் தங்கிவிட்ட செல்லக்கனியின் முகம் திருஷ்டிக்கு உதவவே இல்லை. சாதுவாக, உதட்டோரச் சிரிப்போடு அது தொங்கியதைப் பார்த்து, ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, “பாவம், யாரு பெத்த புள்ளையோ” என்று நின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாளே அதை இறக்கி, சிமெண்டுச் சாக்கில் கட்டித் தன் சாமான் செட்டுக்குள் போட்டுவிட்டார் குமரகுரு. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. வீடு முடிந்தால் அந்த வீட்டுப் பொம்மையை முச்சந்தியில் வைத்துக் கொளுத்த வேண்டும்.

ஐயம்பெருமாளின் அக்கா உலகம்மாள் விசேஷத்துக்கு நாலு நாள் முன்னதாகவே பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்தவள் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“ஏட்டி செல்லக்கனி, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். இந்த மூஞ்சியோட நீ உள்ள போவக் கூடாது. ஊரு கண்ணையெல்லாம் தின்னு வச்சிருக்க மூஞ்சி. அத்தனையும் எந்தம்பி வீட்டுல கக்கவா? ஒண்ணு, எரிக்கதுக்கு முன்ன போயி உம்மூஞ்சிய வாங்கிட்டு வா. இல்ல, நாக்காலியப் போட்டு வெளிய இரி, நான் பாலக் காச்சுதேன்.”

“ஏழு வருசமா கட்டுனது நான்லா மதினி.”

“கட்டுனவதான் குடியேறணும்னா ஊருல பாதி வீட்டுல கொத்தனாருல்லா குடியிருக்கணும்!”

அக்கம்பக்கம் முழுக்க உலகம்மாள் பக்கம்தான் பேசியது. குமரகுரு மட்டும் ஓடிவந்து, “முகத்த மாத்திராத தாயி, தை மாசம் வரைக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்” என்று கெஞ்சினார். அவருக்கும் அவள் வெளியே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஐயம்பெருமாளைக் கேட்டாள். அவன் வடைமாவைப் பிசைந்துகொண்டே, “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அக்கா சொல்லுதாளே” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, மாவு பிசைகிறவனுக்கு எல்லாமே பிசையலாம் என்றுதான் தோன்றும்.

விசேஷத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் செல்லக்கனி செட்டுக்குப் போனாள். சாக்கை அவிழ்த்தாள். இருபது வருஷம் அவளோடு வெயிலில் நின்ற முகம், மூக்குத்தித் துளையில் அவள் செருகிய வேப்பங்குச்சியோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது, அதற்கு அது ஒன்றுதான் தெரியும். அவளையறியாமலே அவள் உதட்டோரமும் அசைந்தது. வலது கோரைப்பல் பால்பல் ஆடுவதைப்போல ஆடியது.

இன்னும் கொஞ்சம் சிரித்தால் போதும். நாளைக்கு உள்ளே போகலாம். போய்? அவள் நின்று யோசித்தாள். அந்தச் சிரிப்பு எங்கெங்கே சிரித்த சிரிப்பு என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கொத்தனார் ஒருவன் சட்டியை வாங்குகிற சாக்கில் கையை அழுத்தியபோது சிரித்தது. காய்ச்சலோடு வந்தவளை மூன்றாவது மாடிக்குக் கல் ஏற்றச் சொன்னபோது சிரித்தது. கல்யாணமான புதிதில், “கருப்பி, ஓரமா நில்லு, போட்டோவுல விழுந்திராத” என்று உலகம்மாள் சொன்னபோதும் சிரித்தது. இந்த முகத்தை வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கு மதினி பால் செம்பைப் பிடுங்கினாலும் இது சிரிக்கும், தலையைக் கவிழ்க்கும், சொந்த வீட்டிலேயே ஓரமாக நின்றுகொள்ளும்.

செல்லக்கனி உதட்டை இறுக்கிக்கொண்டாள். பல் நின்ற இடத்தில் மறுபடி ஊன்றிக்கொண்டது. சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவளைக் குமரகுரு மறித்தார்.

“அது எரிக்கிற சாமானும்மா, வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாது!”

“எம்மூஞ்சி அண்ணாச்சி. எரிக்கணும்னாலும் வைக்கணும்னாலும் நான்லா செய்யணும்.”

அதைச் சொன்ன முகத்தைப் பார்த்தபிறகு குமரகுரு வழியை விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளத்துக்கரை முழுக்க ஆட்கள். மாவிலைத் தோரணம், வாழை, வாசலில் மாக்கோலம். கோலத்துக்கு வெளியே ரோட்டைப் பார்க்கச் சிவப்பு நாற்காலி, அதன்மேல் மரியாதைக்கு ஒரு புதுத் துண்டு. பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விட்டார்கள், பசு கூடத்தின் நடுவில் சாணி போட்டு நல்ல சகுனம் காட்டிவிட்டு வெளியே வந்தது. உலகம்மாள் பட்டுச்சேலை சரசரக்கப் பால் செம்போடு வாசப்படியில் வந்து நின்று, வலது காலைத் தூக்கினாள்.

“மதினி, அந்தக் காலக் கீழ வைங்க” என்றாள் செல்லக்கனி.

குரலை உயர்த்தவில்லை. உலகம்மாள் காலைக் கீழே வைத்தாள், ஏன் வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செல்லக்கனி நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து மாடத்தியின் தோளில் போட்டாள். நாற்காலியைத் தூக்கி நிலைக்கு முன்னால் போட்டு அதன்மேல் ஏறினாள். சாக்கை அவிழ்த்துத் தன் பழைய முகத்தை எடுத்து, நிலைக்கு மேலே இருந்த கொக்கியில், ரோட்டைப் பார்க்கத் தொங்கவிட்டாள். சாக்கைக் கட்டியிருந்த நைலான் கயிறுதான் கையில் இருந்தது, அதிலேயே, நிலையின் மேல்கட்டைக்குக் கொஞ்சம் கீழே இறங்கித் தொங்கும்படி கட்டினாள்.

“நாக்காலிக்கு ஆளு கேட்டீங்கள்லா? ரோட்டப் பாக்க இவ இருப்பா. இவளுக்குப் பழக்கம்.”

இறங்கி வந்து உலகம்மாளின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். வலது காலை உள்ளே வைத்தாள். அவள் நடந்து போய்க் கூடத்தில் வைத்திருந்த அடுப்பைப் பற்றவைத்து, பாலை ஊற்றி, கோழிமுட்டைக் கண்ணால் பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரிந்துபோகும் என்று காத்திருந்தார்கள். சுவர் விரியும், கூரை இறங்கும் என்றுகூடச் சிலர் காத்திருந்தார்கள். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. “குலவ போடுங்கட்டி!” என்று கத்திவிட்டு மாடத்தி முதல் ஆளாகக் குலவையிட்டாள்.

அப்போதுதான் குளத்துப் பக்கமிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. நைலான் கயிறு முறுக்கிக்கொண்டது. நிலையில் தொங்கிய முகம் மெதுவாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் கூடத்துக்குள் செல்லக்கனியைப் பார்த்து நின்றது. சிரித்தது.

எல்லோருக்கும் சட்டம் தெரியும். இவள் பதிலுக்குச் சிரித்தால் போனது போன வழியே வந்துவிடும். “சிரிச்சிரு செல்லக்கனி, அது வெளிய தொங்கட்டும், நீ நீயா உள்ள இரி” என்று உலகம்மாளே சொன்னாள், இந்தத் தடவை நல்ல மனசோடுதான் சொன்னாள். ஐயம்பெருமாள் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்து பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் வாழ்க்கையில் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

செல்லக்கனி ஒரு டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நாற்காலியில் ஏறினாள். முகமும் முகமும் எதிரெதிரே. அவள் உதடு துடித்தது, இரண்டு கோரைப்பல்லும் ஆடின. அந்தச் சாது முகத்தின்மேல் அவளுக்கு இரக்கம் இல்லை என்று சொன்னால் பொய். அதற்குப் பசிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். எத்தனை வாசலில் நின்றிருக்கிறது, எவராவது முதல் பாலை அதற்குக் கொடுத்திருக்கிறார்களா?

டம்ளரை அதன் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். பால் இறங்கியது, கீழே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு காதையும் பிடித்து, சிரிக்காமல், அதை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

“மாடத்தி, கயிறு சரிப்படாது” என்றாள். “அந்தக் கட்டுக்கம்பிய எடு.”

மாடத்தி எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கனி நைலான் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, கம்பியை இரண்டாக மடித்துக் கொக்கியில் கோத்து, இடமும் வலமும் இழுத்து, இருபது வருஷம் கம்பி கட்டிப் பழகிய கையால் ஆறு முறுக்கு முறுக்கினாள். எந்தக் காற்றுக்கும் இனி அது திரும்பாது. இறங்கி உள்ளே போய் நடுக்கூடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“உள்ள வாங்க மதினி” என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள். “எலையப் போடச் சொல்லுங்க. எனக்குப் பசிக்கி.”